சுரத்தில் ஒரு ரத்தம், சுகத்தில் ஒரு ரத்தம்

ஏழு கடல், ஏழு மலை தாண்ட வேண்டாம்; நம்ம வேலூரிலேயே ரத்தம் எடுக்கிறவன் ஒருத்தன் இருந்தானாம், அவனைக் கண்டால் பிள்ளைகள் கட்டிலுக்கடியில் ஒளியுமாம். அது நான்தான். நிமோனியாவில் படுத்த பிள்ளைகளின் உடம்பில், கிருமியோடு சண்டை போட எந்தெந்த ஜீன் விழித்துக்கொள்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் ஆராய்ச்சி. அதில் நான் உதவியாளன். நேரம் கெட்ட நேரத்தில் போய் நின்று ஒன்றைக் கேட்கிற வேலை உங்களுக்கும் இருந்தால், என் பாடு புரியும்.

முதல் கேள்வி

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிற செல்வி அக்கா, நாலு வயசு மகள் பவித்ராவை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலா உள்ளே போய் வந்தது. மருந்து ஏற்ற நர்ஸ் நரம்பு தேடிக்கொண்டிருந்தார். அந்தக் குத்திலேயே எனக்கும் கொஞ்சம் ரத்தம் கிடைத்தால் உண்டு. மருந்து ஏறிவிட்டால் சண்டையின் போக்கே மாறிவிடும். அம்மாவிடம் மெதுவாகச் சம்மதம் கேட்டேன்.

"இத எடுத்தா எம்பொண்ணு பொழைச்சுக்குமா?"

"இல்லக்கா. இவளுக்குப் பிரயோஜனம் இல்ல. பின்னாடி வர்ற புள்ளைங்களுக்கு உதவலாம்."

நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நீ இன்னாத்துக்குப்பா இங்க நிக்கிற?"

ஒரே குத்து

"நரம்பு கெடச்சிடுச்சு. எடுக்கணுமா வேணாமா?" என்றார் நர்ஸ். நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"அக்கா, உங்க கம்பெனில எல்லா டிசைனும் இருக்கும். இன்னிக்கு எது ஓடுதுன்னு தையல் லைனைப் பார்த்தாதான தெரியும்? உடம்பும் அப்படித்தான். ஒரே கிருமிதான், ஒரு புள்ள சீக்கிரம் தேறுது, ஒரு புள்ள தவிக்குது. உள்ள எது ஓடுது, எது நிக்குதுன்னு பாக்கறோம்."

அக்கா மகளின் நெஞ்சையே பார்த்தார். "எடுத்துக்க. ஒரே குத்துதான். இன்னொண்ணு குத்தின, கைய ஒடிச்சிடுவேன்."

மணி அடித்துக்கொண்டே

அன்று சாயங்காலம் ஆக்ஸிஜனைக் கூட்டினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினேன். சில நாளில் சுரம் விட்டு, பிள்ளை வீடு போனது.

ஒரு மாசம் கழித்து, சுகமான உடம்பின் ரத்தமும் வேண்டும். ரெண்டையும் ஒப்பிட்டால்தான் கணக்கு. பகலெல்லாம் ஃபோன் அடித்தேன், அக்கா எடுக்கவே இல்லை. மறுபடி சுரம் வந்திருக்குமோ? அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. மறுநாள் வார்டு வாசலில் அவர் குரல்: "லைனுக்குள்ள ஃபோன் எடுத்துட்டுப் போக வுடமாட்டாங்க தம்பி. அதுக்குன்னு அத்தினி வாட்டியா அடிப்ப? அதான் நேர்லயே வந்துட்டோம்."

நல்ல ரத்தம்

பவித்ரா கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். சுகமான பிள்ளையைக் குத்த எந்த அம்மாவுக்கு மனசு வரும்? "நீ சொன்ன அந்தப் பின்னாடி வர்ற புள்ளைங்களுக்குத்தான்," என்று அக்காவே கையை வெளியே இழுத்துக் கொடுத்தார். அழுகை முடிந்ததும் பவித்ரா டியூபைப் பார்த்துச் சொன்னாள்: "இதுதான் நல்ல ரத்தம். அன்னிக்கு எடுத்தது கெட்டது, அதத் தூக்கிப் போட்டுடு."

ரெண்டும் ஒரே ஃப்ரீசரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கப்போவதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வருவதற்குள், அம்மாவும் மகளும் கேட்டைத் தாண்டி ஆம்பூர் பஸ்ஸைப் பார்த்து நடந்துவிட்டார்கள்.