வாசனை எட்டாத அடுப்படி

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. இடித்த வீட்டுச் செங்கலையும் பழைய கடப்பாக்கல்லையும் வைத்து, அந்த இடத்தில் நானே ஓர் அடுப்படி கட்டினேன். ஏன் கட்டினேன், அதனால் என்ன ஆனது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என் வீட்டுக்காரர் கொத்தனார். வாயில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பார். நாக்குக்கு அடியில் ஒரு புண் வந்தது. சூட்டினால் வந்தது என்று நாங்களே முடிவு செய்து மூன்று மாதத்தை வீணாக்கினோம். மதுரைக்குப் போனபோது புற்றுநோய் என்றார்கள். கதிர்வீச்சு என்று கரண்ட் வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். கடைசியில் மூக்கு வழியாக ஒரு டியூப்பைப் போட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பேண்டேஜ் துணி கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கேப்பைக் கஞ்சியோ பாலோ வடிகட்டி, சிரிஞ்சில் எடுத்து டியூப்பில் விடவேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாய் வழியாகப் போகாது. பேச்சும் குழறிவிட்டது. நானும் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகளும் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால் புரிந்துகொள்வோம்.

எங்கள் வீட்டில் இரண்டே அறைகள்தான். முன்னறையில் அவர் கட்டில். அதை ஒட்டி அடுப்படி. நடுவில் கதவு கிடையாது, ஒரு சேலையைத்தான் திரையாகக் கட்டியிருந்தேன். பிள்ளை படிக்கிற பிள்ளை, அவளுக்காவது ஆக்கிப் போடவேண்டும். வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு வாழ்ந்த மனுஷர் பசியோடு படுத்திருக்கிறார், பத்தடி தள்ளி நான் வெங்காயம் வதக்குகிறேன். அது ஒரு கொலை செய்வது மாதிரி இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் ஆசைப்பட்டுக் கேட்டாள் என்று கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அவருக்கு உயிரான குழம்பு அது. அவள் சாப்பிட்டு முடித்த பிறகு, நான் அடுப்பு மேடைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு இரண்டு வாய் அள்ளிப் போட்டேன். கஞ்சி விடுகிற நேரம் ஆகிவிட்டது என்று வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே ஓடினேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து தலையணை நனைந்திருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி இந்த வீட்டுக்குள் சமையல் வாசனை வரக்கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்காரருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே போய்க் கேட்டேன். ஆடிப்பூரத் தேர் நெருங்கிய சமயம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். "எம்புட்டு வேணுமோ எடுத்துக்கோ தாயி. எந்தம்பிக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படி" என்றார்கள். உடையாத செங்கலாகப் பொறுக்கினேன். ஒரு கடப்பாக்கல், கொஞ்சம் நாட்டு ஓடு, இரண்டு உத்திரக் கட்டை. அவர்களே லோடு ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தார்கள். பழைய இரும்புக் கடையில் மில்லில் கழித்துப் போட்ட ஒரு ரேக் கிடைத்தது, பாத்திரம் அடுக்க. புகை போக ஒரு இரும்புக் குழாய். தேர்தலுக்குக் கட்டிய ஃபிளக்ஸ் ஒன்றைத் தெருவில் கேட்டு வாங்கி, சாரல் அடிக்காமல் இருக்க ஒரு பக்கம் மறைப்பாகக் கட்டினேன். சிரிக்கிற முகம் தெரியாமல் இருக்கத் திருப்பிப் போட்டுக் கட்டினேன்.

இடத்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஆடிக் காற்று மலைப் பக்கமிருந்து, மேற்கிலிருந்து அடிக்கும். வீட்டுக்குக் கிழக்கே அடுப்பு இருந்தால் புகையும் வாசனையும் வீட்டுப் பக்கமே திரும்பாது. இவ்வளவு யோசித்த எனக்கு, யோசிக்க வேண்டிய ஒன்று மட்டும் தோன்றவில்லை.

மகள் கேட்டாள். "அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. நமக்காகச் சொல்லுவாரு. நீ போய்ப் படி" என்று அவள் வாயை அடைத்தேன்.

கொத்தனார் பெண்டாட்டியாக இருந்தும் எனக்குக் கலவை போடத் தெரியாது. அவருடைய கலவைக் கரண்டியையும் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய், பார்த்த ஞாபகத்தில் கட்டினேன். முதல் இரண்டு வரிசை மறுநாளே தொட்டால் ஆடியது. பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினேன். மூன்றாம் நாள் மகள் வந்து, "செங்கல முன்னாடியே தண்ணில ஊறப் போடச் சொன்னாரு அப்பா. காஞ்ச செங்கல் கலவையில இருக்க ஈரத்தக் குடிச்சிருமாம்" என்றாள். சத்தத்தை வைத்தே படுத்த இடத்திலிருந்து கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு ஒரே சந்தோஷம். அவருக்கும் சம்மதம், அதனால்தான் யோசனை சொல்கிறார் என்று நினைத்தேன். செங்கலை ஊறப்போட்டேன். சுவர் அதற்குப் பிறகு நின்றது.

மூன்று வாரம் ஆனது. கஞ்சி விடுகிற நேரம் மட்டும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவேன். விட்டு முடித்ததும் வெளியே போய்விடுவேன். உண்மையைச் சொன்னால், அந்த மூன்று வாரம்தான் எனக்கு மூச்சு விட முடிந்தது. செங்கலுக்குக் கண் இல்லை. அது என்னைப் பார்க்காது. அந்த நாட்களில் உள்ளே சமைத்தபோதும் தாளிதமே கிடையாது. சோறு, மோர், அவித்த முட்டை, அவ்வளவுதான்.

அடுப்படி முடிந்ததும் கேஸ் அடுப்பையும் அம்மியையும்கூட வெளியே கொண்டுபோய்விட்டேன். உள்ளே சமையல் மேடையைத் துடைத்து, மாத்திரை டப்பாவும் பஞ்சும் வைத்தேன். ஒன்பது நாள் அங்கே சமைத்தேன். நானும் மகளும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். காற்று நான் நினைத்தபடியே எல்லாவற்றையும் கிழக்கே அள்ளிக்கொண்டு போனது.

ஒன்பதாம் நாள் மத்தியானம், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் கஞ்சியோடு உள்ளே வந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னைக்கு என்ன கொழம்பு?"

"ஒண்ணும் வைக்கலங்க. மோருதான்."

"பொய் சொல்லாத ஏட்டி. என்ன கொழம்பு?"

புளிக்குழம்பு, கத்தரிக்காய் போட்டு, என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு வாசனை வரவில்லை என்று தலையை ஆட்டினார். எதற்கு வெளியே கொண்டு போனாய் என்று கேட்டார். உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் என்றேன். பேசினாலே வாயில் எச்சில் கட்டும், துண்டால் துடைத்துத் துடைத்துத்தான் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னார்.

"ஒரு மூக்குலதான டியூப்பு. இன்னொரு மூக்கு சும்மாதான கெடந்துச்சு. அது வழியா நானும் ஒங்க கூடச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்."

எனக்குக் கையிலிருந்த கஞ்சி டம்ளர் எங்கே போனது என்றே தெரியவில்லை. கட்டிலடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியானால் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தபோது ஏன் அழுதீர்கள் என்று கேட்டேன்.

"கொழம்புக்கா அழுதேன்? நீ திருடி மாதிரி திரும்பி நின்னு ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டு ஓடி வந்த. ஒக்காந்து ஒரு வாய் திங்கவிடாமப் பண்ணிட்டேனேன்னு அழுதேன்."

அந்தத் திரைச்சேலைக்கு இந்தப் பக்கம் இருந்தே அவ்வளவையும் பார்த்திருக்கிறார். பிறகு ஏன் செங்கலை ஊறப்போடச் சொன்னீர்கள், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அழுதுகொண்டே கேட்டேன். "ஆசையாக் கட்டுற. எனக்காகன்னு கட்டுற. எப்படி வேண்டாம்ங்கிறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "நீ வெளிய போனதும் நியாயந்தான்னு நெனச்சுக்கிட்டேன். இந்த வாடைக்குள்ள எம்புட்டு நேரந்தான் ஒருத்தி இருப்பா" என்றார்.

அவர் புண்ணிலிருந்து வரும் வாடையைச் சொல்கிறார். நான் அதற்காகப் போனதாக நினைத்திருக்கிறார். ஒரு மாதமாக அப்படி நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். நான் இல்லை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது.

அன்று சாயங்காலமே கேஸ் அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்தேன். திரைச்சேலையை அவிழ்த்து எறிந்தேன். முதலில் நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், முகம் கொஞ்சம் இளகியது. மறுநாள் வெந்தயம் கருகுவதை எனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துச் சொன்னார். மகள் சிரித்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவர் கட்டிலுக்குக் கீழே தட்டை வைத்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அது நான்கு நாள்தான். நான்காம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு இரைத்தது. சளி நுரையீரலில் கட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பினாயில் வாடையைத் தவிர வேறு எதுவும் கிடையாது. இரண்டாம் நாள் பாதி மயக்கத்தில் என்னிடம், என்ன குழம்பு என்று கேட்டார். வார்த்தையே வரவில்லை, உதட்டை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். நான் வீட்டுக்கே போகவில்லை, எங்கே சமைக்க? கருவாட்டுக் குழம்பு என்று சொன்னேன். உடனே மகளுக்குப் போன் போட்டு, எப்படியாவது கொஞ்சம் வைத்துக் கொண்டுவா என்றேன். அவள் தனக்குத் தெரிந்த மாதிரி வைத்து, தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

அவள் வருவதற்குள் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஆக்சிஜன் மாஸ்க் போட்டுவிட்டார்கள். ஒரு நிமிஷம் கழற்றுங்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். முடியாதும்மா, கழற்றினால் மூச்சு இறங்கிவிடும் என்றார். நர்ஸ் மேல் தப்பில்லை. தூக்குவாளியைத் திறந்து கட்டில் ஓரத்தில் வைத்துக்கொண்டு நின்றோம். அவர் கண் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு நாள் இருந்தார். ஒரு விடிகாலையில் போய்விட்டார்.

துஷ்டி கேட்க வந்தவர்களுக்கு அந்த வெளி அடுப்படியில்தான் காப்பி போட்டார்கள். ஒரு பைசா பெறாத சாமான்களை வைத்து எவ்வளவு கச்சிதமாகக் கட்டியிருக்கிறாள், புருஷன் மேல் எவ்வளவு பிரியம் இருந்தால் இப்படிச் செய்வாள் என்று பேசிக்கொண்டார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் அந்தச் சுவரை இடித்துத் தள்ள வேண்டும் போல் இருந்தது. உடம்பில் தெம்பில்லை.

எவ்வளவோ பேர் ஆறுதல் சொன்னார்கள். நல்லதுக்குத்தானே செய்தாய் என்றார்கள். நல்லதுக்குத்தான் செய்தேன். ஆனால் யாருடைய நல்லதுக்கு? அவர் பட்டினியாகக் கிடக்கும்போது அவர் கண்முன்னால் உட்கார்ந்து சாப்பிட எனக்குத்தான் தைரியம் வரவில்லை. அவருக்குக் கஷ்டம் என்று பேர் வைத்துக்கொண்டு, என் கஷ்டத்துக்குத்தான் சுவர் எழுப்பியிருக்கிறேன். அவருக்கு மிச்சமிருந்த நாட்களில் பெரும் பகுதியை அந்தச் சுவருக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்குமா? இப்போது படுக்கையில் கிடக்கும் யாரைப் பார்க்கப் போனாலும், கொண்டுபோன பழத்தைக்கூட எடுத்து வைக்காமல், முதலில் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் கேட்கிறேன். கேட்கவேண்டிய ஒருவரிடம் மட்டும்தான் கேட்காமல் விட்டுவிட்டேன்.