இரண்டரை மணி ரீஸ்டார்ட்

கிள்ளான் மண்டபத்தில் நிச்சயதார்த்தத் தட்டு மாற்ற எல்லாரும் காத்திருக்க, பெண்ணின் அம்மா பட்டுப்புடவையோடு மாடிப்படியில் உட்கார்ந்து மடிக்கணினியில் கடவுச்சொல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டே நிமிஷம்மா, வேன் லிஸ்ட் தொங்கிடுச்சு," என்றார் என்னிடம். அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது: இதைச் சர்வரே செய்துகொள்ளாதா?

அந்த அக்கா எங்கள் கிள்ளான் டயாலிசிஸ் நிலையத்தின் வரவேற்பாளர். நான் பிரிக்பீல்ட்ஸ் தலைமை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். எந்த வேன் எந்த நோயாளியை ஏற்றி வரவேண்டும் என்ற பட்டியலை ஓட்டுநர்களின் போனுக்கு அனுப்ப, சர்வரின் பின்னணியில் ஒரு சர்வீஸ் ஓடுகிறது. காலையில் புதிதாய்த் தொடங்கினாலும் மதியத்துக்குள் நினைவகத்தையெல்லாம் விழுங்கிவிட்டுத் திணறும். ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் மாலைவரை ஓடும். மென்பொருளை விற்றவர்களைக் கேட்டால், "ரீஸ்டார்ட் பண்ணுங்க லா, அது நார்மல்," என்பார்கள். நார்மலாம்! அந்த நார்மலைக் காப்பாற்றத்தான் அக்கா வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சேர்ந்தாற்போல் இரண்டு நாள் லீவு எடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் கேட்டதற்கும், "லேப்டாப்ப கூட வச்சிக்குங்க" என்றுதான் பதில்.

திங்கட்கிழமை மேலாளரிடம் போய் நின்றேன்.

"எதுக்கு ஆட்டோமெட்டிக்? அதான் அக்கா இருக்காங்களே."

"அக்கா மனுஷி பாஸ், அலாரம் கடிகாரம் இல்ல."

"சரி, செய். ஏதாச்சும் ஆனா நீதான் பதில் சொல்லணும்."

இரண்டு வாரப் பதிவுகளைத் தோண்டினேன். மதியம் இரண்டரைக்கு ஒரு செய்திகூடப் போவதில்லை. அந்த நேரத்தில் தினமும் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைத்தேன். பத்து நாள் அருமையாக ஓடியது. கேட்டவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஹரி ராயா பெருநாள் விடுமுறை முடிந்த முதல் வேலைநாள், நான் கிள்ளான் நிலையத்தில் இருந்தேன். நாலரை மணிக்கு வேன் ஓட்டும் அண்ணன் ஆட்களை இறக்கிவிட்டு அக்காவைக் கூப்பிட்டார். "அக்கா, என் லிஸ்ட்ல நாலு பேருதான் இருக்காங்க. ஜெஞ்சாரோம் அங்கிள் இன்னிக்கு வரலியா?"

ஐந்தாவது நோயாளியான அங்கிள் ஜெஞ்சாரோமில் பையோடு தன் வீட்டு கேட்டில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரமாக.

நான் தோண்டிய இரண்டு வாரமும் நோன்பு மாதம்! மாலை நோன்பு திறக்க எல்லாரும் வீடு சேரட்டும் என்று மதியப் பட்டியலை அந்த மாதம் மட்டும் ஒரு மணிக்கு அனுப்புவார்கள். மற்ற மாதங்களில் அது போகும் நேரமே இரண்டரைதான். பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். நோன்பு மாதத்தில் பாசார்க் கடைகள் முதல் பள்ளிக்கூடம்வரை நேரம் மாறுவது எனக்குத் தெரியாதா? பாதிப் பட்டியலில் என் ரீஸ்டார்ட் விழுந்து, மீதிப் பெயர்களை அப்படியே தொலைத்துவிட்டது. அங்கிளுக்கு அன்று சிகிச்சை தொடங்க மாலை ஆறு ஆனது. போய் மன்னிப்புக் கேட்டேன். "வேன்தானே லேட்டு, நான் இல்லியே," என்று சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேலாளர் மட்டும் விடுவாரா? "பாத்தியா? இதுக்குத்தான் ஆள் வேணும்ங்கறது." வேலை மறுபடி அக்கா கைக்கே போனது. "விடும்மா, நான் கல்யாண மண்டபத்துலேருந்தே அழுத்திடறேன்," என்றார் அக்கா. அவர் அதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதில்தான் எனக்கு மேலாளர்மேல் வந்ததைவிடப் பெரிய ஆத்திரம்.

அவர் அழுத்துவதை அன்றுதான் பக்கத்தில் நின்று கவனித்தேன். முதலில் திரையைப் பார்க்கிறார். ஏதாவது போய்க்கொண்டிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். முடிந்த பிறகே அழுத்துகிறார். என் ஏற்பாடு கடிகாரத்தை மட்டும் பார்த்தது. மென்பொருளை விற்றவர்கள் அதைக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், வார்த்தைகளைக் கொஞ்சமும் குறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். நான் எழுதியிருக்கும் புதிய ஏற்பாடு, அனுப்பாத பெயர் ஒன்று இருந்தாலும் ரீஸ்டார்ட்டைத் தள்ளிப்போடும். தொடங்கியபின் ஒரு சோதனைச் செய்தி அனுப்பும். அது வந்து சேராவிட்டால் என் போன் அலறும், அக்காவுடையது அல்ல. வரும் திங்கட்கிழமை தனிச் சர்வரில் பொய்ப் பெயர்களால் ஒரு பட்டியல் போட்டு, வேண்டுமென்றே அதன் நடுவில் ரீஸ்டார்ட் நேரத்தை வைக்கப்போகிறேன். காத்திருக்கிறதா பார்ப்போம்.