மூச்சு விடக் கூடாது!

இடுப்பு வலிக்காக அம்பத்தூரில் யோகா கற்றுக்கொள்ளப் போனவள் நான். மாஸ்டருக்கு வெளியூர் மாற்றல் வந்ததும், "இனி நீங்களே நடத்துங்கம்மா" என்று வகுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

டீச்சராக எனக்கு அன்று முதல் நாள். எல்லாரும் கண்ணை மூடிப் பத்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் ரேஷனில் மண்ணெண்ணெய் எப்போது ஊற்றுவார்கள் என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. வீட்டில் பிள்ளைகளை அதட்டுகிற பழக்கத்தில், "இனி யாரும் மூச்சு விடக் கூடாது!" என்று சத்தம் போட்டேன். அறை கப்சிப். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து என்ன ஆசனம் என்று யோசித்தபடி நடந்தேன். முன்வரிசையில் மேரியக்காவின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. என்னவென்று குனிவதற்குள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். பதறிப்போய்த் தாங்கிப் பிடித்து முகத்தில் தண்ணீர் தெளித்தோம். அவருக்குப் பெருமூச்சு வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

"என்னக்கா ஆச்சு?"

"நீதான டீச்சர் மூச்சு வுடக் கூடாதுன்ன? எப்ப வுடச் சொல்லுவேன்னு பாத்துகினே இருந்தேன்."

எனக்குச் சந்தேகம் வந்து மற்றவர்களையும் விசாரித்தேன். எல்லாருமே அதைப் பயிற்சி என்றுதான் நினைத்தார்களாம். தாங்க முடியாமல், எனக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாக விட்டுவிட்டார்களாம்!

இப்போதெல்லாம் வகுப்பில் சத்தம் வந்தால் "பேசாதீங்க" என்பதோடு சரி. மூச்சை இழுக்கச் சொன்னால், விடச் சொல்லிவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. மேரியக்கா மட்டும் இன்னும் என்னை நம்பவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.