மேடையில் தமிழ் சொன்னவர்

பல வருஷம் நாட்டை அடக்கி ஆண்ட ஜனாதிபதி தப்பி ஓடிய வாரம். இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் ஏறிய பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒருவர், வெளுத்த கோட்டோடு இருந்தார். பேசுமுன் தொண்டையைச் செருமுவார். அப்படிச் செருமி டிக்கோயாவுக்கு அவர் டிக்கட் கேட்டதுமே, முன்னாலிருந்த தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மா குரலை அடையாளம் கண்டு திரும்பினார்.

“ஜனாதிபதி சிங்களத்துல பேசுறத மேடையில தமிழ்ல சொன்னது நீங்கதானே? லயத்து ஒத்தை ரூமுக்குப் பதிலா தனி வீடு தருவாருன்னு சொன்னீங்களே?”

அவர் தலை கவிழ்ந்தது.

“அவரு அப்படிச் சொல்லவே இல்லைம்மா. உங்களப் பத்தி ஒரு வார்த்தையும் பேசல. நீங்கெல்லாம் மழையில நின்னு பார்த்துக்கிட்டிருந்தீங்க. நானாத்தான் சேர்த்துச் சொன்னேன்.”

“அப்ப நாங்க ஓட்டுப் போட்டது உங்க பேச்சுக்கா?”

அவர் நடுவழியிலேயே இறங்கிவிட்டார்.

இரக்கப்பட்டுச் சொன்ன அந்தப் பொய்தான் எங்கள் மலையில் அந்த ஆட்சியைத் தாங்கியதோ என்று இன்னும் யோசிக்கிறேன்.