பங்கு விலை இறங்கியும் இறங்காத ஆலோசனைக் கூலி

மகளின் நிக்காஹுக்குச் சேர்த்த பணத்தைக் கும்பகோணத்து ஆலோசகர் ஒருவர் நடத்திய பங்கு நிதியில் போட்டேன். காரைக்காலில் நாங்கள் கப்பல் சரக்குக்குக் கூட்டுச் சேர்ந்தால், நடத்துகிறவருக்கு லாபத்தில் மட்டும்தான் பங்கு. நட்டமென்றால் அவருக்கு ஒன்றும் கிடையாது. இவரும் அப்படித்தான் என்று நானாகவே முடிவுகட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்த வருஷம் பங்கு விலை பாதியாகிவிட்டது. சேதி கேட்டதும் சட்டையை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய வீரன் நான். கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது. போய்ப் பார்த்தால், மனிதர் போன வருஷ விலையை வைத்தே நூற்றுக்கு இரண்டு கூலி எடுத்திருக்கிறார்!

"இன்னைக்கு விலைக்குக் கணக்குப் போடுங்க" என்றேன்.

"ஏறுனா கூட்டுவோம் பாய். இறங்குனா குறைக்கிற வழக்கம் இல்லீங்க."

"அப்ப நட்டம் எம் மவளுக்கு, பிரியாணி உங்களுக்கா?"

சிரித்தார். மிச்சத்தைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன். நிக்காஹ் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்விட்டது.

இப்போது யார் முதலீட்டு ஆலோசனையோடு என் கடைக்கு வந்தாலும், "விலை இறங்கினால் உங்கள் கூலி எவ்வளவு இறங்கும்? எழுதிக் கொடுங்கள்" என்கிறேன். டீ வரவழைப்பது அதற்குப் பிறகுதான். இதுவரை ஒருவரும் டீ குடிக்கவில்லை.