மூன்றாம் முறை ஊற்றினேனா?

மூன்று வருடங்களுக்கு முன், சித்திரைக் கடைசியில், புத்தூரில் நடந்தது இது. ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது. ஆனால் எல்லையோரத்து ஊர்களில் எது இந்தப் பக்கம், எது அந்தப் பக்கம் என்பது முடிவாகாமல் இருந்தது. என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எந்த ஊரில் எத்தனை வீட்டில் தமிழ், எத்தனை வீட்டில் தெலுங்கு என்று பட்டியல் எடுக்க அவரை நகரி, சத்தியவேடு பக்கம் அனுப்பிவிடுவார்கள். போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். வீட்டில் நானும் ஐந்து மாதப் பெண் குழந்தையும்தான்.

சித்தூரில் மிஷன் பள்ளி விடுதியில் வளர்ந்தவள் நான். நாற்பது பெண்கள் நடுவே தூங்கி எழுந்தவளுக்குப் புத்தூர் வீட்டின் அமைதி பழகவே இல்லை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் அறை எடுத்துத் தங்கும் தெரு அது. இன்று கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நம்மோடு பேசிச் சிரிக்கிற பெண், நாளை ஊருக்குப் போயிருப்பாள். தெருவில் வேறு கிறிஸ்தவக் குடும்பம் கிடையாது. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய ஆலயம். போதகர் சித்தூரிலிருந்து மாதம் ஒரு முறைதான் வருவார். அவர் வரும்போது என் கணவர் இருக்கமாட்டார். கணவர் இருக்கும்போது கங்காதர நெல்லூரிலிருந்து மாமியாரால் வரமுடியாது. இப்படியே குழந்தையின் ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போனது.

எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை, பின்வாசலுக்கு எதிர்வீட்டு அக்கா. விவசாயக் குடும்பம், இரண்டு எருமைகள். என்னைக் 'குமாஸ்தாம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

"உங்க வூட்டுக்காரரு எங்க ஊரு தமிழா தெலுங்கான்னு எழுதிக்கினு திரியறாரே, எங்க எருமைங்கள எதுல எழுதுவாராம்? ரெண்டுலயும் திட்டினாத்தான் அதுங்க நகரும்" என்று ஒருநாள் கேட்டார். அன்று நான் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சித்திரையில், விடிந்ததிலிருந்து குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "இங்க வெச்சிக்காதீங்கம்மா, திருப்பதி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்து துணிமணி எடுத்துவைக்கும்போதே குழந்தை அழுகையை நிறுத்திவிட்டாள். கண்கள் உள்ளே போய்விட்டன. உதடு உலர்ந்து வெள்ளையாக இருந்தது.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இவள் ஞானஸ்நானம் பெறாமலே போய்விடுவாளோ? அப்படிப் போகிற குழந்தையைக் கடவுள் கைவிடமாட்டார் என்று இன்று நிதானமாகச் சொல்வேன். அந்த மத்தியானம் என்னிடம் அந்த நிதானம் இல்லை. உயிருக்கு ஆபத்தான நேரத்தில் போதகர் இல்லையென்றால், விசுவாசி யாரும் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினால் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று விடுதியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மார்க்கும் வாங்கியிருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து மண்பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். குழந்தையையும் வாங்கித் தம் மடியில் போட்டுக்கொண்டார். பிதாவின் பெயரைச் சொல்லி ஊற்றினேன். குமாரனின் பெயரைச் சொல்லி ஊற்றினேன். அப்போது குழந்தைக்குத் தூக்கிப்போட்டது. அதற்குப் பிறகு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது வரை எனக்கு ஒன்றும் நினைவில்லை.

ரயிலில் அக்காவும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சலைன் ஏறத் தொடங்கிய பிறகுதான், "எருமைங்க கத்திக்கினு இருக்கும்" என்று சொல்லிக் கிளம்பினார். நான்கு நாளில் குழந்தை பிழைத்து வீடு வந்தாள்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதத்தான் கை கூசுகிறது. கணவரிடம் நோயைப் பற்றிச் சொன்னேன், தண்ணீர் ஊற்றியதைச் சொல்லவில்லை. முதலில் நானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தேன். மூன்றாம் முறை ஊற்றினேனா? ஆவியானவரின் பெயரைச் சொன்னேனா? சொல்லியிருந்தால் இவள் ஞானஸ்நானம் பெற்றவள். இனி ஒரு முறை கொடுப்பது தவறு. சொல்லாமல் விட்டிருந்தால் அது ஞானஸ்நானமே இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் தலையில் முதல் சொம்புத் தண்ணீர் விழும்போது என் கை நின்றுவிடும்.

அக்காவைப் பார்த்தாலே அந்த மத்தியானம் எழுந்து வந்தது. அவர் யார் முன்னாலாவது பேச்சை எடுத்துவிடுவாரோ என்ற பயம் வேறு. முதலில் பின்வாசலைப் பகலில் மட்டும் சாத்தினேன். பிறகு திறக்கவே இல்லை. பால் வாங்குவதையும் வேறிடத்துக்கு மாற்றினேன். என் குழந்தையைத் திருப்பதி வரை சுமந்து வந்தவர் அவர்.

ஐப்பசியில் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். மாமியார் வெள்ளைக் கவுன் தைத்துக்கொண்டு வந்தார். முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், போதகர் வீட்டுக்கு வந்தார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, "இந்தக் குழந்தைக்கு இதற்கு முன் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருக்கிறதா?" என்றார்.

"இல்லைங்க ஐயா" என்றார் என் கணவர்.

"தெரியல ஐயா" என்றேன் நான்.

மாமியார் திரும்பிப் பார்த்தார். "தெரியலையா? பெத்தவளுக்கே தெரியாதுன்னா வேற யாருக்குடி தெரியும்?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போதகர் முழுவதும் கேட்டார். பிறகு, "பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" என்றார்.

"எதிர்வீட்டு அக்கா. ஆனா அவங்க நம்ம சபை இல்ல, ஐயா."

"பாக்கறதுக்குக் கண்ணு இருந்தா போதும்மா. போய்க் கூட்டிட்டு வா."

ஆறு மாதம் கழித்துப் பின்வாசலின் தாழ்ப்பாளை எடுத்தேன். மழையில் மரம் உப்பி, கதவு திறக்க மறுத்தது. நாலு எட்டு தூரம்தான், ஆனாலும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவர் வாசலில் நின்றேன். அக்கா முறத்தில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"குமாஸ்தாம்மாவா? வழி இப்பத்தான் தெரிஞ்சிச்சா?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார். "நான் பண்ண தப்பால குழந்தைக்கு எதனா ஆயிடிச்சா?"

எனக்குப் புரியவில்லை. அவர் தம் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு கங்கம்மா ஜாத்திரைக்குக் காப்பு கட்டிக்கினு இருந்தேம்மா. அந்தக் கையாலயே உங்க சாமி காரியத்துக்குத் தண்ணி மொண்டு குடுத்துட்டேன். அதான் நீ கதவ சாத்திக்கினேன்னு நெனச்சேன். நானா வந்து கேக்கவும் பயம்."

ஆறு மாதமாக ஒரே கதவுக்கு இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து, அதே மத்தியானத்தை நினைத்து, இருவருமே தனித்தனியாகப் பயந்துகொண்டிருந்திருக்கிறோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்று பார்த்ததைப் போதகரிடம் வந்து சொல்லும்படி கேட்டேன்.

எங்கள் வீட்டுக்குள் வந்து அக்கா நின்றுகொண்டே சொன்னார். "இந்தப் பொண்ணு மூணு தபா ஊத்திச்சு ஐயா. ரெண்டாவது தபா குழந்தைக்கு இழுத்துச்சு. மூணாவது தண்ணி பாதி குழந்த தலையில, பாதி என் மடியில. ஸ்டேஷன் போற வரைக்கும் மடி சில்லுனு இருந்திச்சு."

"வாயால ஏதாவது சொன்னாங்களா?"

"ஒவ்வொரு தபாவும் ஒரு பேரு சொல்லிச்சு. கடைசில பரிசுத்த ஆவின்னு சொல்லி, ஆமென்னு சொல்லி, என் தோள்ல சாஞ்சி ஓன்னு அழுதுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மொண்ட தண்ணியால தோஷம் இல்லியே?" என்றார்.

"தண்ணி யார் மொண்டாலும் தண்ணிதாம்மா" என்றார் போதகர். என் பக்கம் திரும்பி, "இனிமே நான் ஊத்த வேண்டியது ஒண்ணுமில்ல. நீ சரியா செஞ்சியான்னு இவ்வளவு நாள் உன்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டே. செஞ்சது நீயா? உன் கையால ஆண்டவர் கொடுத்தார். குழந்த வாங்கிக்கிட்டா. அவ்வளவுதான்" என்றார்.

மறுநாள் ஆலயத்தில் தண்ணீர் ஊற்றவில்லை. போதகர் நடந்ததைச் சபைக்குச் சொல்லி, குழந்தையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். பதிவேட்டில் ஞானஸ்நானம் கொடுத்தவர் என்ற இடத்தில் 'தாய்' என்று எழுதி, சாட்சி என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா, ஜெபம் முடிந்ததும் நழுவப் பார்த்தார். மாமியார் வாசலிலேயே மறித்துக்கொண்டார். முந்தின நாளிலிருந்து என்னோடு பேசாதவர், அவரிடம் மட்டும், "சாட்சி சொன்னவ துன்னாம போகக்கூடாது, வந்து உக்காரு" என்றார்.

இப்போது எல்லை முடிவாகிவிட்டது. புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. எங்களுக்குத் திருப்பதிக்கு மாற்றலாகிவிட்டது. இங்குள்ள வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. கணவர் ஆபீஸ் போனபின் மத்தியானங்கள் மறுபடியும் நீண்டுவிடுகின்றன. பழைய சந்தேகமும் சில நாள் எட்டிப் பார்க்கும். அப்போது, நனைந்த மடியோடு ஸ்டேஷனுக்கு நடந்த அக்காவை நினைத்துக்கொள்வேன். என் மகளுக்குத் தன் ஞானஸ்நானம் ஒருநாளும் நினைவிருக்கப்போவதில்லை, எனக்கும் என்னுடையது நினைவில்லை. நாம் மறந்துபோனாலும் நமக்காக யாரோ ஒருவர் அதை நினைவில் வைத்திருக்கிறார் என்பதைத்தான், அந்த மூன்றாவது கைத் தண்ணீர் இன்றும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.