ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் மண்

வியர்வையில் நனைந்த செம்புக்கு ஒரு மணம் உண்டு. அது என் கழுத்திலேயே இருந்தது. கறுப்புக் கயிற்றில் தொங்கிய அந்தத் தாயத்தை எங்கள் வீட்டில் 'ஏலஸ்' என்பார்கள். மூச்சிரைப்போடு பிறந்த எனக்கு, பனச்சமூட்டுக்கு அப்பாலிருந்த தர்காவில் உம்மா ஓதிக் கட்டியது. மொழிவாரி எல்லைப் போராட்ட ஆண்டுகளில் வழியெல்லாம் அடைபட்டபோதும் அந்தத் தர்காவின் கொடி ஊர்வலம் நிற்கவில்லை என்று கேட்டு வளர்ந்தவள் அவள்.

எனக்கு ஏழு வயதான மழைக்காலத்தில், அம்பூரியில் ரப்பர்ப் பால் வெட்டிக்கொண்டிருந்த வாப்பா, சிலரோடு சேர்ந்து ஊர் ஊராகப் பள்ளிவாசல்களில் தங்கி மார்க்கம் கேட்கப் போனார், தாடியோடு திரும்பினார். அதன்பின் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாக விடைபெற்றன: முதலில் பீடி, அதில் எங்களுக்குச் சந்தோஷம், பிறகு ரேடியோப் பாட்டு, பிறகு வியாழக்கிழமைகளில் தர்கா விளக்குக்கு உம்மா கொண்டுபோன எண்ணெய். அவர் குரல் தணிந்தது. என்னை ஒருநாள்கூடப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட விடவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளும் மாறின, எங்கே தொடங்கியது என்று தெரியாமல் தோட்டம் முழுக்கப் படரும் மூடுபனியைப்போல.

கடைசியில் ஏலஸின் முறை வந்தது.

"அது வெறும் செம்பாக்கும். காக்கியது படச்சவன்," என்றார் வாப்பா.

உம்மா என்னை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். "பிள்ளைக்கு மூச்சு முட்டினா நான் ஆருகிட்டப் போவேன்?"

"தூக்கிட்டு ஓடுயதுக்கு நான் உண்டு."

கயிற்றை அறுத்தார். உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டத்தான் செம்புக் குழாயை அடைத்திருந்த மெழுகை உடைத்து, உள்ளிருந்த காகிதச் சுருளைப் பிரித்தார். பிரித்த கை அப்படியே நின்றது. பொடி எழுத்தில் இருந்தது, அவரே தினமும் தொழுகைக்குப் பின் ஓதும் குர்ஆன் வசனம். அவர் கேட்டுவந்த மார்க்கப்படி அதைக் கழுத்தில் கட்டக்கூடாது, இறைவசனமானதால் எறியவும் கூடாது.

"எறியுங்களேன், வெறும் செம்பாக்குமே," என்றாள் உம்மா.

அவர் கையைக் கழுவி, சுருளை வெள்ளைத் துணியில் பொதிந்து, யார் காலும் படாத இடம் தேடி மழையில் இறங்கினார். கிணற்றடி, தொழுவம், தென்னைமூடு என்று எங்கும் நடமாட்டம். வெகுநேரம் சுற்றியபின், நான் படுக்கும் ஜன்னலுக்கு நேர் கீழே, சுவரோரம் குழி தோண்டினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த உம்மா என் பாயைச் சுவரோடு நெருக்கிப் போட்டாள்.

அந்த மழையிலேயே இரைப்பு வந்தது. சொன்னபடியே வாப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பாறசாலை ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

இன்று நான் ஒரு மருத்துவமனையில் சுவாசக் கருவிகளைப் பழுது பார்க்கிறேன். தர்காவில் விளக்கில்லை, கொடி ஊர்வலம் இல்லை. ஏலஸ் கட்டலாமா என்று கேட்கும் அண்டைவீட்டுப் பெண்களை உம்மாவே இப்போது திருத்துகிறாள். போன கோடையில் முற்றத்துக்குக் கல் பதித்தோம். அளவெடுத்து வரைந்தவள் நான், இடைவெளியே விடாமல். வேலையாள் ஜன்னலடிக்கு வந்தபோது, நாற்காலியில் சாய்ந்திருந்த வாப்பா கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"அவடம் மட்டும் வேண்டாம், மக்கா."

என் வரைபடத்தில் இல்லாத அந்த ஒரு சாண் மண் மட்டும் இப்போதும் மழையில் நனைகிறது.